சரியா, தவறா? பூவா, தலையா?

'நீர் 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கொதிக்கும். சரியா, தவறா?'

இத்தகைய வாக்கியம் ஒன்றை வினாத்தாளில் சந்திக்காமல் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. 'சரி' என்றோ 'தவறு' என்றோ ஒரு சொல் எழுதினால் போதும். ஆசிரியருக்கும் வேலை எளிது. நாற்பது விடைத்தாள்களை, எடுத்து வைத்த தேநீர் ஆறுவதற்குள் திருத்தி முடித்துவிடலாம். ஆனால் இவ்வளவு எளிய வினா, மாணவரின் அறிவை எவ்வளவு நம்பகமாக அளக்கிறது?

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் நாம் முதலில் பார்ப்பது அதன் சுழிப்பிழையை. கம்பியின் தடிமனை அளப்பது பிறகுதான். தேர்வும் ஓர் அளவுகருவியே; அதற்கும் பிழை உண்டு. அப்பிழையை முதலில் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் யார், அவர்கள் கண்ட முடிவு என்ன, அம்முடிவிலிருந்து 'சரி–தவறு' வினா எவ்வாறு பிறந்து நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்பவற்றைக் காண்போம்.

திருத்துபவரின் பிழை

அயர்லாந்தில் பிறந்த பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் பொருளியலிலும் புள்ளியியலிலும் பேர்பெற்றவர். வானியலார் ஒரே விண்மீனின் இடத்தைப் பலமுறை அளக்கும்போது அளவுகள் சற்றே மாறுபடும். அம்மாறுபாடுகளைக் கையாளப் பிழைக் கொள்கை என்னும் கணிதம் அன்றே இருந்தது. அதே கணிதத்தை ஏன் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பயன்படுத்தக்கூடாது என்று எட்ஜ்வொர்த் கேட்டார். 1888லும் 1890லும் இது பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் தேர்வு ஆராய்ச்சியின் தொடக்கம் எனலாம். ஒரே லத்தீன் உரைநடைப் பகுதியை 28 தேர்வாளர்கள் மதிப்பிட்டபோது மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை பரவியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். போட்டித் தேர்வில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட அவர் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, நம் நாட்டை ஆள அதிகாரிகளைப் பொறுக்கியெடுத்த இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு.

கால் நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்ற இருவர் இன்னும் கூர்மையான சோதனை ஒன்றைச் செய்தனர். ஆங்கிலக் கட்டுரைக்கு மதிப்பெண் மாறுபடுவது இயல்பு, கணக்கில் அப்படி நேராது என்று பலரும் வாதிட்டனர். எனவே அவர்கள் ஒரு வடிவியல் விடைத்தாளையே படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 116 கணித ஆசிரியர்கள் அதைத் திருத்தினர். 1913ல் வெளியான முடிவின்படி அந்த ஒரே விடைத்தாள் பெற்ற குறைந்த மதிப்பெண் 28, உயர்ந்த மதிப்பெண் 92! படம் அலங்கோலமாக இருந்ததற்கு ஒருவர் மதிப்பெண் குறைப்பார். வழிமுறை சரியென்று இன்னொருவர் அள்ளித் தருவார். விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்தியுள்ள எவருக்கும் இது புதிதாக இராது.

மூன்றாவது சோதனையைச் செய்தவர் நம் நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். சர் பிலிப் ஹார்டாக், டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர்; பின்னர் இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்து 1929ல் அறிக்கை தந்த குழுவின் தலைவர். இங்கிலாந்து திரும்பியபின் ரோட்ஸ் என்ற புள்ளியியலாருடன் சேர்ந்து 1935ல் தேர்வுகளையே தேர்வு செய்யும் ஆய்வு ஒன்றை அவர் வெளியிட்டார். ஒரே அளவு மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை 14 தேர்வாளர்கள் திருத்தினர். ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு அதே தாள்கள் அதே தேர்வாளர்களிடம் மீண்டும் தரப்பட்டன. 15ஐ 14ஆல் பெருக்கினால் 210 முடிவுகள். அவற்றுள் 92ல் தேர்ச்சி, தோல்வி, சிறப்பு என்ற தீர்ப்பே மாறிவிட்டது. ஒருவர் மற்றவரோடு மாறுபட்டது போக, ஒருவர் தம்மோடு தாமே மாறுபட்ட கதை இது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தோன்றியபோது பாடம் நடத்தும் நிறுவனமாகத் தோன்றவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் தரும் அமைப்பாகவே தோன்றியது. எனவே தேர்வாளரின் பேனா முனையில் எத்தனை தலைமுறைகளின் பிழைப்பு ஊசலாடியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு சொல் விடை

நோய் திருத்துபவரிடம் இருந்தால், திருத்துபவருக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுவதுதானே மருந்து? அமெரிக்கர்கள் அப்படித்தான் எண்ணினர். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தப்பட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கான 'ஆல்ஃபா' தாளில், குலைந்து கிடக்கும் சொற்களை மனத்தில் ஒழுங்குபடுத்தி அவ்வாக்கியம் உண்மையா பொய்யா என்று கூறும் பகுதி இருந்தது. போர் முடிந்ததும் அப்பழக்கம் பள்ளிகளுக்குள் நுழைந்தது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் மெக்கால், சாதாரண வகுப்பாசிரியரும் தாமே இத்தகைய வாக்கியங்களை எழுதித் தேர்வு நடத்தலாம் என்று 1920ல் ஒரு கட்டுரையில் எடுத்துரைத்தார். அடுத்த பத்தாண்டுகளில் 'சரி–தவறு' தாள் அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது.

திருத்துபவரின் பிழை உண்மையிலேயே மறைந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறொரு பிழை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றும் தெரியாதவரும் பாதி விடைகளைச் சரியாக எழுதிவிடுவார்!

படைவீரர் தேர்வை அமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. இருவிடைப் பகுதிகளில் சரியான விடைகளின் எண்ணிக்கையிலிருந்து தவறானவற்றின் எண்ணிக்கையைக் கழித்தே அவர்கள் மதிப்பெண் தந்தனர். இதன் காரணம் எளிது. 100 வாக்கியங்களில் 60ஐ உறுதியாக அறிந்த ஒரு மாணவி மீதி 40ஐ ஊகிக்கிறாள் என்போம். சராசரியாக 20 சரியாகும், 20 தவறாகும். மொத்தம் 80 சரி, 20 தவறு. கழித்தால் 60. அவள் உண்மையில் அறிந்ததும் 60 தான். அழகான கணக்கு. ஆனால் 'சராசரியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். 40 முறை நாணயம் சுண்டினால் ஒவ்வொரு முறையும் 20 தலை விழுவதில்லை. 17ம் விழும், 23ம் விழும். அதே 60 அறிந்த மாணவர் நூறு பேர் இத்தேர்வை எழுதினால், ஏறக்குறைய 73 பேரின் மதிப்பெண் 54க்கும் 66க்கும் இடையே அமையும். மற்றவர்கள் அதற்கும் வெளியே போய்விடுவார்கள். கழித்தல், சராசரியைச் சரிசெய்கிறது. தனி ஒருவரின் அதிர்ஷ்டத்தையோ துரதிர்ஷ்டத்தையோ அது சரிசெய்வதில்லை.

35 மதிப்பெண்ணும் ஒரு நாணயமும்

நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். தேர்ச்சிக்கு 35 விழுக்காடு. 20 'சரி–தவறு' வாக்கியங்கள் கொண்ட தாள் என்றால் 7 சரியானால் தேர்ச்சி. பாடப்புத்தகத்தைத் திறந்தே பாராத ஒருவன் பூவா தலையா போட்டு விடையெழுதினால் அவன் தேறுவதற்கான வாய்ப்பு 100க்கு 94! தாளை நீட்டி 100 வாக்கியங்கள் கொடுத்தால் நிலைமை சீராகும் என்று நினைக்கத் தோன்றும். சீராகாது, அவன் தேர்ச்சி இன்னும் உறுதியாகும். ஏனெனில் நாணயத்தின் இயல்பான மதிப்பெண் 50. வாக்கியங்கள் கூடக்கூட அது 50ஐ நெருங்கிக்கொண்டே போகும்.

தேர்ச்சிக் கோட்டை 70 விழுக்காட்டில் வைத்துப் பாருங்கள். 10 வாக்கியங்கள் என்றால் நாணயக்காரன் தேறும் வாய்ப்பு 100க்கு 17. 20 வாக்கியங்களில் அது 100க்கு 6 ஆகக் குறைகிறது. 100 வாக்கியங்களில் ஒரு லட்சத்துக்கு 4 மட்டுமே. ஆக, 'சரி–தவறு' தேர்வு நம்பத்தக்கதா என்ற கேள்விக்கு, எத்தனை வாக்கியங்கள், கோடு எங்கே என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல இயலாது. வகுப்பில் பத்தே வாக்கியங்கள் கொடுத்து, 'ஏழு வாங்கியவன் கெட்டிக்காரன், ஐந்து வாங்கியவன் மந்தம்' என்று முத்திரை குத்துவது, ஊசலை ஒரே ஓர் அலைவுக்கு மட்டும் நேரம் பார்த்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுவது போன்றது.

நீளத்துக்கும் நம்பகத்துக்கும் உள்ள இத்தொடர்பை 1910ல் ஸ்பியர்மனும் பிரௌனும் தனித்தனியே ஒரு சூத்திரமாகத் தந்தனர். முழு நம்பகம் 1 என்று கொண்டால், 0.50 நம்பகம் உள்ள தாளை அதே தரமுள்ள வினாக்களால் இரு மடங்காக்கினால் அது 0.67 ஆகும், நான்கு மடங்காக்கினால் 0.80. ஒன்றை எட்டுவதே இல்லை. இதை வைத்துத்தான் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஈபெல் 1970ல் பழிக்கப்பட்ட இவ்வினா வகைக்காக வாதாடினார். நான்கு விடைகளைப் படித்து ஒன்றைத் தெரிவு செய்யும் நேரத்தைவிட ஒரு வாக்கியத்தைத் தீர்ப்பிட ஆகும் நேரம் குறைவு. ஆகவே அதே ஒரு மணி நேரத்தில் கூடுதலான வாக்கியங்களைக் கேட்கலாம். ஊகத்தால் வரும் இழப்பை எண்ணிக்கையால் ஓரளவு ஈடுகட்டலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். கவனமாக எழுதிய நீண்ட தாளைப் பற்றியே அவர் பேசினார் என்பதை மறந்துவிடக்கூடாது.

இவ்விடத்தில் இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையான ஒரு செய்தி. இவ்வகைத் தாள்களைத் திருத்த முதலில் வெற்றிகரமாகப் பயன்பட்ட இயந்திரம் 1938ல் வந்த ஐ.பி.எம். 805. அதன் மூல வடிவை ஆக்கியவர் ரெனால்டு ஜான்சன் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர். பென்சில் கரியாகிய கிராஃபைட் மின்கடத்தி அன்றோ? மாணவர் பென்சிலால் தீட்டிய இடத்தை உலோக முனைகள் தொடும்போது சிறு மின்னோட்டம் பாயும். சரியான விடைகளின் மின்னோட்டங்கள் ஒருபுறம் கூடும், தவறானவற்றின் மின்னோட்டங்கள் மறுபுறம் கூடும். மீட்டரின் முள் காட்டுவதே மதிப்பெண். சரியிலிருந்து தவறைக் கழிக்கும் வேலையையும் மின்சுற்றே செய்துவிடும். மின்னோட்டத்துக்குப் பதில் ஒளியைப் பயன்படுத்தும் இன்றைய ஓ.எம்.ஆர். தாளுக்கு இதுவே முன்னோடி. இதே ஜான்சன்தான் பின்னாளில் கணிப்பொறியின் முதல் வட்டு நினைவகத்தை உருவாக்கிய குழுவுக்கும் தலைவர்!

நம் நாட்டில்

விடுதலைக்குப் பின் அமைந்த முதல் கல்விக்குழு, டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழு (1948–49). பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் மட்டும் சொல்லலாம் என்றால் தேர்வுச் சீர்திருத்தத்தையே சொல்வோம் என்ற கருத்தை அது எழுதி வைத்தது. அடுத்து வந்தது, சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக்குழு (1952–53). கட்டுரை விடைகளின் மதிப்பீடு ஆளுக்கு ஆள் மாறுவதைக் குறைக்க, கொள்குறி வினாக்களையும் சேர்க்க வேண்டும் என்று அதுவும் கூறியது. 1957–58ல் சிகாகோவிலிருந்து பெஞ்சமின் புளூம் அழைக்கப்பட்டார். 1958ல் மத்திய தேர்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. ஆசிரியர்களுக்கு வினா எழுதும் பயிற்சி அங்கிருந்து கிளைத்தது.

பொதுத் தேர்வுகளில் வென்றது நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் பலவுள் தெரிவு வினாவே. நாணயத்தின் 50 விழுக்காடு அங்கே 25 ஆகக் குறைந்துவிடுகிறதல்லவா? தமிழ்நாட்டில் 1984ல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத்தேர்வும் அவ்வகையே. அது 2006ல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது. 'சரி–தவறு' பாடநூல் பயிற்சிகளிலும் வகுப்புத் தேர்வுகளிலும் தங்கிவிட்டது.

தங்கிவிட்டது என்று சொன்னாலும், அது வேடம் மாற்றிப் பெரிய தேர்வுகளிலும் உலவுகிறது. 2023ம் ஆண்டு மத்திய தேர்வாணையத்தின் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில், சில கூற்றுகளைக் கொடுத்து 'இவற்றுள் எத்தனை சரி?' என்று கேட்கும் வினாக்கள் நிறைய இடம்பெற்றன. ஒவ்வொரு கூற்றும் ஒரு 'சரி–தவறு' வினாதான். என்னுடைய எடுத்துக்காட்டு ஒன்று: ஒலி வெற்றிடத்தில் பரவாது, ஒளி ஒரு நெட்டலை, காற்றில் ஒலி நெட்டலையாகப் பரவும். எத்தனை சரி? விடை, இரண்டு. முதல் கூற்று தவறு, இரண்டாவது சரி, மூன்றாவது சரி என்று நினைத்தவரும் 'இரண்டு' என்றே எழுதுவார். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு முழு மதிப்பெண் தந்துவிடுகின்றன!

தவறுக்குக் கழிக்கும் முறையிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. குடிமைப்பணித் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கிறார்கள். நான்கு விடை வினாவில் குருட்டு ஊகத்தின் சராசரிப் பலன் சரியாகச் சுழியாகும். 'நீட்' தேர்வில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. அங்கே குருட்டு ஊகமும் வினாவுக்குச் சராசரியாக கால் மதிப்பெண் ஈட்டித் தரும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2020ல் விடைத்தாளில் ஐந்தாவது வட்டம் ஒன்றைச் சேர்த்தது. 'விடை தெரியவில்லை' என்பதே அதன் பொருள். வெற்றிடமாக விட்டதைப் பிறர் நிரப்பிவிடாமல் தடுக்க இது நல்ல காவல். ஆனால் அங்கே தவறான விடைக்குக் கழிவு கிடையாது. ஆகவே 'தெரியவில்லை' என்று நேர்மையாகக் கறுப்பிப்பவர், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கறுப்பிப்பவரைவிட நட்டப்படுகிறார்.

சொல்லில் ஒளிந்த பிழை

இதுவரை பேசியது ஒழுங்கற்ற பிழை. வாக்கியங்களைக் கூட்டினால் அது குறையும். முறையான பிழை அப்படிக் குறையாது. சுழிப்பிழையுள்ள திருகு அளவியால் ஆயிரம் முறை அளந்தாலும் பிழை அப்படியே நிற்கும். 'சரி–தவறு' தேர்வில் அது வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் கேட்ட வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல்மட்ட அளவிலான வளிமண்டல அழுத்தத்தில் மட்டுமே உண்மை. கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரியை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடும். பாடத்தை மனப்பாடம் செய்தவர் 'சரி' என்று எழுதி மதிப்பெண் பெறுவார். அழுத்தம் மாறினால் கொதிநிலை மாறும் என்று அறிந்தவர் தயங்கித் தயங்கித் 'தவறு' என்று எழுதி இழப்பார். அளவுகருவி இங்கே தலைகீழாகக் காட்டுகிறது: கூடுதலாக அறிந்தவருக்குக் குறைந்த மதிப்பெண்!

குறிஞ்சிப்பாடிக்கு அருகிலிருந்தே இன்னொன்று. 'நெய்வேலியில் நிலக்கரி வெட்டியெடுக்கப்படுகிறது.' சரியா, தவறா? எங்கள் பகுதியில் பேருந்து நடத்துநர் முதல் செய்தித்தாள் வரை எல்லோரும் சொல்வது நிலக்கரிச் சுரங்கம் என்றுதான். சுரங்கத் தொழிலாளியின் மகள் 'சரி' என்று எழுதுவாள். வினா எழுதியவர் மனத்தில் இருந்ததோ, அது பழுப்பு நிலக்கரி, ஆகவே 'தவறு' என்பது. அவள் வீட்டு வாசலில் உள்ள பொருளைப் பற்றிய வினாவில், சொல்லின் மயக்கத்தால் அவள் தோற்கிறாள். எடை, நிறை, வேகம், திசைவேகம் என்று பேச்சுத் தமிழில் ஒன்றாகவும் பாடத் தமிழில் இரண்டாகவும் உள்ள சொற்கள் எல்லாவற்றிலும் இந்தக் கண்ணி உண்டு. வீட்டில் படித்தவர் இல்லாத குழந்தையின் கால்தான் இதில் அதிகம் சிக்கும் என்பது என் எண்ணம்.

1940களில் அமெரிக்க உளவியலார் லீ கிரோன்பாக் வேறொரு சாய்வையும் காட்டினார். ஐயம் வரும்போது மாணவர் பலர் 'சரி' என்ற பக்கமே சாய்கிறார்கள். அச்சில் வந்தது உண்மையாகத்தான் இருக்கும் என்ற மரியாதை போலும். எனவே உண்மையான வாக்கியங்கள் அறிந்தவரையும் அறியாதவரையும் சரிவரப் பிரித்துக் காட்டுவதில்லை. தவறான வாக்கியங்களே நன்கு பிரித்துக் காட்டுகின்றன. மறுபுறம், 'எல்லா', 'எப்போதும்', 'ஒருபோதும்' வந்தால் தவறு, 'பெரும்பாலும்', 'சில' வந்தால் சரி என்ற சூட்சுமத்தைப் பயிற்சி மையத்தில் கற்றவர், பாடம் தெரியாமலே கரையேறிவிடுகிறார்.

தமிழ்நாட்டின் 2018ம் ஆண்டுக்குப் பிந்தைய அறிவியல் பாடநூல்களில் 'சரியா, தவறா?' என்பதோடு 'தவறு எனில் கூற்றைத் திருத்துக' என்பதும் சேர்ந்து வருவதைக் காணலாம். இது சிறிய சேர்க்கைதான், ஆனால் நாணயத்தால் வாக்கியத்தைத் திருத்த முடியாது. ஒரு சந்து மட்டும் இதில் உண்டு. 'ஒலி வெற்றிடத்தில் பரவும்' என்பதைப் 'பரவாது' என்று மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அதற்கும் வழி இருக்கிறது. மாற்ற வேண்டிய சொல்லை அடிக்கோடிட்டு, வினைமுற்றைத் தொடக்கூடாது என்று விதிக்க வேண்டும். திருத்தும் நேரம் கூடும். திருத்துபவரின் தீர்ப்பும் சிறிதளவு திரும்பி வரும். எட்ஜ்வொர்த்தின் 28 தேர்வாளர்களும் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். ஆனால் ஒரு சொல்லில் அவர்கள் 45க்கும் 100க்கும் இடையே சிதறிப்போக இடமில்லை.

எடுத்துக்காட்டாக, 'நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள நீர், வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் இருக்கிறது' என்ற கூற்றில் 'சமமான' என்பதை அடிக்கோடிட்டுக் கொடுக்கலாம். வெறுமனே 'தவறு' என்பவருக்கு அரை மதிப்பெண். அதை அடித்துவிட்டு 'மிகுந்த' என்று எழுதுபவருக்கு ஒன்று. அப்படியானால் சுரங்கத்தின் அடித்தளம் மேல்நோக்கிப் பிளக்காமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று அடுத்த வரியில் கேட்டால், இரவும் பகலும் ஓடும் பம்புகளின் இரைச்சலைக் கேட்டே வளர்ந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தாளின் பின்பக்கத்தையும் கேட்டு வாங்குவார்கள்.